ஒரு மாதம் குறைத்து

1940 மே 6, திங்கள்

படுத்தே கிடக்க வேண்டுமாம். அதுவும் இடது பக்கமாக. "இடது பக்கம் அலுத்துப் போனால்?" என்று கேட்டேன். "அலுத்த பிறகு சொல்லுங்கள், யோசிப்போம்" என்றார் டாக்டரம்மா. கிண்டலா, மெய்யா என்று அந்த முகத்தைப் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு வகுப்பு நிறையப் பெண்பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள் நான். இப்போது கட்டில், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கைமரம். மரம்கூட என்னைவிட அதிகமாக அசைகிறது. நேற்று இவரைப் போட்டுக் குடைந்து எடுத்துவிட்டேன். அதனால் இந்த டயரியைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். "எதையாவது எழுது, தாயே. என் பிராணனை வாங்காதே." எழுதுகிறேன்.

இவர் இந்த ஊர் சப்-இன்ஸ்பெக்டர். யுத்தம் வந்ததிலிருந்து திங்கட்கிழமைதோறும் டாக்டரம்மா ஸ்டேஷனுக்குப் போய் இவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்மன்காரியாம், அதனால் எதிரியாம். ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ரேடியோ கூடாது, காமிரா கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். புருஷனிடம் கைதி, பெண்டாட்டிக்கு டாக்டர். இந்த வீட்டின் லட்சணம் இது.

அவர் பெயர் எல்ஸ்பெத் வைஸ்மான். ஊர் வாயில் எல்சம்மா. ஆறு வருஷத்துக்கு முன்பு இங்கே பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பள்ளிக்கூட வாசக புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் இன்றுவரை புத்தகம் பேசுவது போலத்தான் பேசுகிறார். கூடைக்காரியையும் நீங்கள் என்பார், கலெக்டரையும் நீங்கள் என்பார். அப்போதுதான் பிறந்த சிசுவைக் கையில் ஏந்தி "வாருங்கள்" என்பார். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மட்டும் பெருமையாக இருக்கும்.

மே 9, வியாழன்

சீர்காழியிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். கூடை நிறைய முறுக்கு, பை நிறைய புத்திமதி. என்னை அழைத்துப் போக வந்தாளாம். வாசலில் வண்டியைக்கூட அவிழ்க்கச் சொல்லவில்லை.

"பொண்ணு பிள்ளை பெக்கறது தாய்வீட்டுலதாண்டி, அபயம். மொத ரெண்டையும் அங்கதானே பெத்த? இதை மட்டும் போலீஸ்காரன் வீட்டுல வச்சிப் பெத்தா ஊர் என்ன சொல்லும்?"

"அந்த ரெண்டும் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். சிறிது நேரம் கழித்து வண்டிக்காரனை அனுப்பிவிட்டு, தான் இங்கேயே தங்கிவிட்டாள். நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டது பொய்யில்லை.

இரண்டு பிள்ளைகளும் முழு மாதம் இருந்து, முழு உருவத்தோடு, வெளியே வர வழியில்லாமல் போனவை. டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "குழந்தைகள்மீது குற்றம் இல்லை. உங்கள்மீதும் இல்லை. எலும்பு வாசல் குறுகலாக இருக்கிறது. இந்த முறை நான் வேறு வாசல் வைக்கிறேன்." அதாவது வயிற்றைக் கீறி எடுப்பது. இந்தப் பக்கத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரால் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. சீர்காழி எல்லைக்கு வெளியே இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதை அம்மாவுக்கு விளங்க வைப்பதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

மே 13, திங்கள்

இன்று டாக்டரம்மா முன்னால் அம்மா மானத்தை வாங்கினாள்.

ஜூலை பத்தாம் தேதிவாக்கில் பிரசவம் ஆகும் என்று டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற அம்மா, "ஐயையோ, நெச மாசத்தையா சொன்ன? ஒரு மாசம் குறைச்சுச் சொல்லக்கூடாதா? படிச்சு என்னடி பிரயோசனம்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. "அம்மா, இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் என்னிடம் ஒரு மாதம் குறைத்துத்தான் சொல்கிறார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். முதல் வருடம் எனக்குத் தெரியாது. எட்டு மாதம் என்றவருக்கு அன்று மாலையே பிரசவம் ஆயிற்று. இப்போது யார் என்ன சொன்னாலும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு மட்டும் சேர்க்கவில்லை. நீங்கள் என் ஆசிரியை. உங்கள் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டேன்" என்றார்.

அவர் போன பிறகு அம்மா எனக்குச் சுற்றிப்போட்டாள். மிளகாய் நெடி இன்னும் போகவில்லை.

மே 21, செவ்வாய்

இடது பக்கம் அலுத்துவிட்டது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். யோசிக்கவில்லை.

மே 27, திங்கள்

இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை.

ஐரோப்பாவில் ஜெர்மன் பட்டாளம் தேசம் தேசமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே வாரம் ஒரு கையெழுத்தோடு விட்டுவைத்த ஜெர்மன்காரர்களை எல்லாம் வடக்கே ஒரு முகாமில் கொண்டுபோய் அடைக்கப் போகிறார்களாம். பெண்களையும்.

"டாக்டரம்மாவையுமா?"

"அவங்களுக்கு ஒரு வழி இருக்கு. நாஜிக்காரனுக்குப் பயந்து ஓடிவந்தவங்களை விசாரிக்க மெட்ராஸ்ல ஒரு கமிட்டி உட்காருது. நேர்ல போயி நின்னு எல்லாத்தையும் சொல்லணும். அவங்க ஒத்துக்கிட்டா கையெழுத்து, எல்லை எதுவும் கிடையாது. போகலைன்னா நேரா முகாம்தான். ஜூன் பதினேழு தேதி. நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

பதினைந்தாம் தேதி பகல் வண்டியில் கிளம்பி, பத்தொன்பதாம் தேதி திரும்பிவிடலாம். எனக்கு ஜூலை பத்து. இடையில் வேண்டிய மட்டும் நாள் இருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது என்று சாயங்காலம்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3, திங்கள்

"கமிட்டிக்காரங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று இன்று கேட்டேன்.

என் கைநாடியைப் பிடித்தபடியே சொன்னார். ஒரு நாளும் சொல்லாததை இன்று சொன்னார்.

அவர் பிறந்தது பிரெஸ்லாவ் என்ற பட்டணம். ஆறு ஓடுகிற ஊர். அப்பாவுக்குக் கடிகாரக் கடை. அவர் டாக்டருக்குப் படிக்கப் போனபோது வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. பிரேதம் அறுக்கும் வகுப்பில் ஒரு வாத்தியார் அவரைப் பார்த்து, "நீங்கள் மயங்கி விழுவதானால் கதவுப் பக்கமாக விழுங்கள்" என்றாராம். டாக்டரம்மா விழவில்லை. வாத்தியார்தான் அந்த வருஷக் கடைசியில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாராம். அதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெண்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்து, பிரசவ வார்டுக்கே தலைமை டாக்டராகியிருக்கிறார். ஒரு காலை, கத்தி வைப்பதற்காக முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் ஒரு பெண் கிடக்கிறாள். இரண்டு பேர் உள்ளே வந்து, யூத வம்சத்தவர்களுக்கு இனி இங்கே வேலை இல்லை, உடனே வெளியே போகவேண்டும் என்றார்கள்.

"கையை அலம்பக்கூட விடவில்லை. சோப்பு நுரையோடு வீதியில் நின்றேன்."

"அந்தப் பொம்பளை?"

"தெரியாது. வேறு யாராவது செய்திருப்பார்கள். செய்யாமலும் இருந்திருக்கலாம். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை." நாடியை விட்டுவிட்டார். "உங்கள் நாடி வேகமாக ஓடுகிறது. நான் கதை சொல்லக்கூடாது."

அங்கே நீ ஜெர்மன்காரி இல்லை என்று துரத்தினார்கள். இங்கே நீ ஜெர்மன்காரி என்று பிடித்து வைக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன்.

ஜூன் 8, சனி

வளையல் அடுக்கினார்கள். தாய்வீட்டில் நடக்காத சடங்கு இங்கே நடக்கிறது என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். இரண்டு கையிலும் வளையல். புரண்டால் சத்தம், புரளாவிட்டால் எரிச்சல்.

சாப்பிடும்போது இவர் ஒரு சேதி சொன்னார். தெற்கே எங்கோ ஒரு ஜெர்மன் பாதிரியாரும் இப்படித்தான் விசாரணைக்குப் போனாராம். திரும்பவில்லை. அங்கிருந்தே முகாமுக்கு ஏற்றிவிட்டார்களாம். மாற்று வேட்டிகூட இல்லாமல் போனாராம்.

"பாதிரியாரும் டாக்டரும் ஒண்ணா?" என்றேன்.

"ஒண்ணில்லைதான்" என்று ரசத்தைக் கலக்கினார். பிறகு ரசம் நன்றாக இருக்கிறது என்றார். அம்மா வைக்கும் ரசத்தை இவர் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

ஜூன் 13, வியாழன்

கேட்டுவிட்டேன். "நீங்க திரும்பி வரலைன்னா?"

"வருவேன்."

"வரலைன்னா?"

"தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே உள்ள டாக்டருக்கு உங்களைப் பற்றி எழுதிவிட்டேன். வலி எடுத்தவுடன் மரியபாக்கியம் உங்களை ரயிலில் அழைத்துப் போவார்." மரியபாக்கியம் அவரிடம் வேலை பழகிய தலைமை நர்ஸ். நல்ல கை. ஆனால் கத்தி பிடிக்கும் கை இல்லை.

வலியோடு ரயில். முதல் தடவை சீர்காழியில் வலி எடுத்தபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தேன். ரயிலில் எதைப் பிடித்துக்கொள்வது?

இன்று வயிற்றில் நன்றாக உதைக்கிறது. அந்த இரண்டும்கூட இப்படித்தான் உதைத்தன.

ஜூன் 15, சனி

வலி. காலையில் எழுந்ததும் ஆரம்பித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தது. பின்னால் யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

அம்மா போட்ட கூச்சலில் இவர் பாதி சவரத்தோடு ஓடினார். டாக்டரம்மா ரயிலுக்குக் கிளம்பிய கோலத்திலேயே வந்தார். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். பெட்டி வாசலில் வண்டியில் இருந்தது. வயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"இப்போது வலிக்கிறதா?"

"வலிக்குது."

"இப்போது?"

"இப்பவும்தான்."

என் முகத்தைப் பார்த்தார். வெளியே வண்டிக்காரன், "அம்மா, ரயிலு வந்துடும்!" என்று குரல் கொடுத்தான்.

"அபயம், ஒன்று கேட்கிறேன். என்னிடம் ஒரு மாதம் குறைத்துச் சொன்னீர்களா?"

"ஆமாங்க" என்றேன். "அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. அன்னைக்கு உங்க முன்னால அவங்க கத்தினது நடிப்பு."

கதவோரத்தில் அம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றி முருங்கைமர ஜன்னலில் வைத்தார். "பெட்டியை இறக்குங்கள்" என்று வெளியே பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். இவர் தந்தி ஆபீசுக்கு ஓடினார். பிரசவம், உயிருக்கு ஆபத்து, டாக்டர் வர இயலாது என்று தன் பெயரிலேயே தந்தி கொடுத்தாராம்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரையே இல்லை. இந்தக் கசப்பை மனுஷர் குடிப்பார்களா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு போட்டுக்கொண்டு வந்தாள்.

வலி மத்தியானத்துக்குமேல் விட்டுவிட்டது. இப்படியும் வந்து போகுமாம், மரியபாக்கியம் சொன்னாள்.

ஜூன் 16, ஞாயிறு

வலி இல்லை. நேற்று இருந்தது.

ஜூன் 17, திங்கள்

இந்நேரம் மெட்ராஸில் அவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

டாக்டரம்மா வழக்கம்போல ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நாடாவை வைத்து வயிற்றை அளந்தார். கையால் அழுத்திக் குழந்தையின் தலையைத் தேடினார். மறுபடி அளந்தார்.

"நீங்கள் சொல்வதுபோல் என்றால் நாள் கடந்துவிட்டது. இன்றே கத்தி எடுக்க வேண்டும். மாதம் சரிதானே?"

இன்றைக்கே எடுப்பதா? மாதம் நிறையாத பிள்ளையையா? இதை நான் யோசிக்கவில்லை. "சரி... சரிதாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா நாடாவைச் சுருட்டினார். "என் கைக்கும் உங்கள் வாய்க்கும் சண்டை. கைக்கு ஒரு வாரம் தருகிறேன்."

அவர் போன பிறகு அழுதேன். பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, திங்கள்

கைக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

"சொல்லிடுடி" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்தபடி.

"எதை?"

அம்மா கீரைத்தண்டைப் படாரென்று ஒடித்தாள். எனக்கு இந்த வீட்டில் யாரையும் பிடிக்கவில்லை. என்னையும்தான்.

ஜூன் 29, சனி

உத்தரவு வந்துவிட்டது. ஜூலை நாலாம் தேதி டாக்டரம்மாவை முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கமிட்டி இவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறது. பிரசவம் என்று தந்தி கொடுத்தாயே, என்றைக்குக் குழந்தை பிறந்தது என்று. இன்னும் பிறக்கவில்லை என்று இவர் சொல்ல வேண்டியதாயிற்று. விசாரணைக்குப் பயந்து பொய்ச் சாக்குச் சொல்லி ஒளிந்துகொண்டார், நம்பத் தகாதவர் என்று டாக்டரம்மாவின்மேல் முடிவு கட்டிவிட்டார்கள்.

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாங்க? நோயாளிக்கு நான் தேவைப்பட்டேன், அதுக்குமேல நோயாளியைப் பத்திப் பேச மாட்டேன்னுட்டாங்க."

முருங்கைமர ஜன்னலில் அந்தத் தொப்பி அப்படியே இருக்கிறது. எடுத்துக் கொடுக்க எனக்கும் தோன்றவில்லை, கேட்டு வாங்க அவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பதினைந்தாம் தேதி அவர் போயிருந்தால் பத்தொன்பதாம் தேதி திரும்பியிருப்பார். எனக்கு இன்னும் வலி எடுக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வலி. இது வலி

ஜூலை 10, புதன்

எழுந்து உட்கார இன்றுதான் விட்டார்கள். தையல் இழுக்கிறது. பேனா பிடிக்கத் தெம்பு வந்துவிட்டது.

பெண். பக்கத்தில் தூங்குகிறாள். தூங்குகிறாளா, மூச்சு விடுகிறாளா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அம்மா அடிக்கிறாள். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். என் பிள்ளை மூச்சு விடுகிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது டாக்டரம்மா கைகழுவும் தொட்டியின்முன் நின்றிருந்தார். முழங்கைவரை சோப்பு. வாசலில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றார். நாலாம் தேதிக்கு முன்னால் ஓடிவிடக்கூடாது என்று மேலிடம் போடச் சொன்ன காவலாம். நான் அந்தப் போலீஸ்காரரையே பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். பிறகு எனக்குக் குளோரோபாரம் கொடுத்துவிட்டார்கள். குழந்தையை வெளியே எடுத்து "வாருங்கள்" என்றாராம். மரியபாக்கியம் சொன்னாள். இந்த முறை ஒரு நர்சும் சிரிக்கவில்லையாம்.

மறுநாள் குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் காட்டினார். தொடையிடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் வெண்ணெய் அப்பினாற்போல் வெள்ளையாக இருந்தது.

"நாள் கடந்து பிறக்கும் குழந்தைக்கு இது இருக்காது" என்றார். "தோல் உரியும். நகம் நீண்டிருக்கும். இவருக்கு எல்லாம் அளவாக இருக்கிறது." சின்ன விரலை மடித்து உள்ளே வைத்தார். "உங்கள் முதல் கணக்கு சரியாக இருந்தது, ஆசிரியை."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மருந்து மயக்கம்.

நாலாம் தேதி காலை என் கட்டுப் பிரித்துப் பார்த்து, புதுக் கட்டுப் போட்டு, மரியபாக்கியத்துக்கு எல்லாம் சொல்லிவிட்டுப் போனார். இவர்தான் ரயில்வரை கூட்டிக்கொண்டு போனார். தலையில் தொப்பி இல்லை. அது எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கிறது.

இன்று ஜூலை பத்து. முதல் கணக்குப்படி இன்றைக்குத்தான்.

ஜூலை 25, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், அலறுகிறாள். பிள்ளைப்பேற்றுக்காரி உள்ளறையை விட்டு வரக்கூடாதாம். தீட்டாம். மே மாதம் இடது பக்கம், இப்போது உள்ளறை.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கஷ்டமான பிரசவம் என்றால் தஞ்சாவூருக்கு ரயில் ஏற்றுகிறார்கள். போன வாரம் சாலியத் தெருப் பெண் ஒருத்தி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். இதை அம்மா என்னிடம் மறைத்தாள். பூக்காரி சொல்லிவிட்டாள்.

அவளுக்கு என்ன வயது என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆஸ்பத்திரியைக் கட்டிய சீமாட்டி மேலிடத்துக்கு மனுப்போட்டு அலைந்ததில் ஒரு வழி பிறந்திருக்கிறது. கமிட்டி திருச்சியில் கடைசியாக ஒரு தரம் உட்காரப் போகிறது, பன்னிரண்டாம் தேதி. முகாமில் இருப்பவர்கள் வர வேண்டியதில்லை. அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் வரலாம்.

யார் பேசுவது? நல்ல டாக்டர் என்று சொல்ல ஊரே திரண்டு வரும். அதை அவர்கள் கேட்கவில்லை. ஜூன் பதினைந்தாம் தேதி என்ன நடந்தது என்று கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

இவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளறை வாசலுக்கு வந்து, "நான் திருச்சிக்குப் போகணும்" என்றேன்.

"இன்னும் தீட்டே கழியலைடி!" என்று அம்மா அங்கிருந்து கத்தினாள். நான் திரும்பவில்லை.

"போயி?" என்றார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்."

"என்ன நடந்துச்சு?"

பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினேன்.

இவர் பூட்ஸைக் கீழே வைத்தார். "தெரியும், அபயம். அன்னைக்கே தெரியும். வலி எடுத்த பொம்பளை காப்பியில சர்க்கரை பத்தலைன்னு திருப்பி அனுப்புவாளா? மொத தடவை நீ பட்டதை வெளியில நின்னு கேட்டவன் நான். உனக்கு வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏங்க தந்தி குடுத்தீங்க?"

பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் இவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போலீஸ்காரர் பெண்டாட்டி நான். அந்தத் தந்தி இவர் பெயரில் போனது. நான் உண்மையைச் சொன்னால் பொய்த் தந்தி கொடுத்தவர் இவர் ஆகிவிடுவார். வேலைக்கே உலை வரும். இதையும் சொன்னேன்.

"வரட்டும்" என்று மறுபடி பூட்ஸைத் தேய்த்தார். "அந்தம்மா திங்கக்கிழமை திங்கக்கிழமை எம்முன்னால வந்து நிப்பாங்க. உட்காருங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அது வேற உறுத்திக்கிட்டேயிருக்கு."

ஆகஸ்ட் 12, திங்கள். திருச்சி

ரயிலடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடிந்துவிட்டது.

ஒரு வெள்ளைக்காரர், ஒரு பிராமண வக்கீல், தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்ல ஒரு குமாஸ்தா. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாயால் சொன்னேன். ஜூன் பதினைந்தாம் தேதி எனக்கு வலி இல்லை. மாதத்தைக் குறைத்துச் சொன்னதாகச் சொன்னதும் பொய். இந்த ஊர்ப் பெண்கள் அப்படிக் குறைப்பது டாக்டருக்குத் தெரியும், அதனால் நம்பினார். என்னைப் போட்டுவிட்டு வர மனசில்லாமல்தான் இங்கே வரவில்லை.

வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். குமாஸ்தா, "ஏம்மா அப்படிப் பொய் சொன்னீங்கன்னு தொரை கேக்கறாரு" என்றார்.

"உங்களைக் கண்டுதான்" என்றேன். "அவங்களைக் கூப்பிட்டீங்க. கூப்பிட்டா திருப்பி அனுப்ப மாட்டீங்கன்னு பயந்தேன்."

குமாஸ்தா தயங்கினார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். வெள்ளைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். போகலாம் என்றார்கள். நம்பினார்களா இல்லையா, தெரியவில்லை.

இவர் காப்பி வாங்கிவந்தார். "சர்க்கரை போதுமா?" என்றார்.

"பத்தலை" என்றேன். தம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 14, சனி

இவருடைய பதவி ஒரு படி இறங்கிவிட்டது. ஊரும் மாற்றி, மலையடிவாரத்தில் எங்கோ ஒரு ஸ்டேஷனில் போட்டிருக்கிறார்கள். சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்றியாயிற்று. அம்மா சீர்காழிக்குப் போய்விட்டாள். போகும்போது பிள்ளைக்கு என்ன மாதம் என்று யார் கேட்டாலும் குறைத்துச் சொல்லு என்றாள். சரி என்றேன்.

டாக்டரம்மா நேற்று சாயங்காலம் வந்துவிட்டார். முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். இனிக் கையெழுத்து இல்லை. பூக்காரி ஓடிவந்து சொன்னாள். இளைத்துப் போயிருக்கிறாராம். வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும், பிரசவ அறைச் சாவி எங்கே என்று கேட்டாராம்.

வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அந்தத் தொப்பி. கதவுக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒருத்திக்குக் கஷ்டமான பிரசவம். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மரியபாக்கியம் எட்டிப் பார்த்து, நான் வந்திருப்பதை உள்ளே போய்ச் சொன்னாள். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொன்னார் என்று நானும் கேட்கவில்லை.

சற்று முன் உள்ளேயிருந்து "வாருங்கள்" என்று குரல் கேட்டது. படக்கென்று எழுந்துவிட்டேன். அதற்குள் ஒரு சிசு வீறிட்டது. என்னை இல்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

ரயிலுக்கு நேரமாகிறது என்று இவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டார். ஆகட்டும். அவர் கையை அலம்பிவிட்டு வரும்வரை நான் இந்த இடத்தை விட்டு அசையப் போவதில்லை.